கோரிமேட்டுக் கணக்கு

கேள்வி: தங்கைக்கு லூபஸ். 'அபூர்வ வியாதி' என்கிறார்கள். ஜிப்மர் வரிசையைப் பார்த்தால் ஊரில் பாதிப்பேருக்கு இருக்கும் போலிருக்கிறதே?
(வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: கல்யாண மண்டப வாசலில் நின்று எண்ணினால் ஊரே பட்டுப்புடவைதான் கட்டுகிறது! ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேட்டில் நிற்பவர்கள் புதுச்சேரிக்காரர்கள் மட்டுமா? திண்டிவனம், விழுப்புரம், கடலூர் என்று சுற்றுவட்டாரமே வருகிறது. அத்தனை பேரும் எத்தனை லட்சம் பேரிலிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் விகிதம் போட முடியாது. லூபஸ், உடலின் நோயெதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்; வந்தால் ஆயுளுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதாமாதம் வரும் உங்கள் தங்கையையே பன்னிரண்டு பேராக எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: சரி, உண்மையான எண்தான் என்ன?
(வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: டெல்லியை ஒட்டிய கிராமங்களில் ஏ.என். மாளவியா குழுவினர் சுமார் 92,000 பேரிடையே தேடினார்கள். 1993இல் வந்த முடிவு: லட்சத்துக்குச் சுமார் 3 பேர். முடக்குவாதமோ பெரியவர்களில் 0.75 சதவீதம், அதாவது லட்சத்துக்கு 750!

அந்த மூன்றை 2011 கணக்கெடுப்பின் 12.48 லட்சத்தோடு பெருக்கினால், காரைக்கால், மாஹே, ஏனாம் உட்பட நம் பிரதேசம் முழுவதற்கும் நாற்பது பேர் கூடத் தேறவில்லை. எல்லாரையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். நான் நம்பவில்லை. டெல்லிப் பக்கம் அகப்பட்டதே மூன்று பேர்; நான்காவதாக ஒருவர் கிடைத்திருந்தால் விகிதம் மூன்றில் ஒரு பங்கு எகிறியிருக்கும். நோயின் பெயரே தெரியாமல் இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இங்கிலாந்தின் லெஸ்டரில் எண்ணியபோது, வெள்ளையரைவிட நம் துணைக்கண்ட வம்சாவளியினரிடம்தான் லூபஸ் அதிகம். அங்கே அதிகம், இங்கே மட்டும் அபூர்வமா? அபூர்வம்தான், ஆனால் இவ்வளவு அபூர்வமில்லை என்பது என் கட்சி.

கேள்வி: பிரெஞ்சுக்காரர் காலத்தில் இது இருந்ததா?
(வாசகர், குருசுக்குப்பம்)

பதில்: நோய் இருந்திருக்கும், சோதனை இல்லை. ஜிப்மரின் பூர்வீகமான மருத்துவப் பள்ளி இங்கே 1823இல் வந்துவிட்டது. லூபஸைக் காட்டிக்கொடுத்த எல்.ஈ. செல் அகப்பட்டது 1948இல், அதுவும் அமெரிக்காவில். நோய்க்குப் பெயர் வைத்தவர் மட்டும் பாரிஸ் டாக்டர் கசெனாவ்!

கேள்வி: ஆண்களுக்கு வராதா?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: வரும். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மிச்சம் ஒருவர் நம்மாள்.

கேள்வி: எப்போது சந்தேகப்பட வேண்டும்?
(வாசகி, நெல்லித்தோப்பு)

பதில்: மூட்டுவலி, விடாத காய்ச்சல், வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுதல் என்று இரண்டு மூன்று சேர்ந்தால். ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்ற ஒற்றைச் சீட்டைப் பார்த்துப் பதறாதீர்கள். நோயில்லாத பலருக்கும் அது வரும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் வலிமாத்திரை வாங்கியே மாதங்களை ஓட்டாதீர்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலிப்பதில்லை. டாக்டரிடம் கேட்டு சிறுநீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.