சைக்கிள் கம்பி எடிட்டிங்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் போட்டோ எடிட்டிங் குளியலறையில் நடந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்து, ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, சிவப்பு ஜீரோ வாட் பல்பை மாட்டிவிட்டு நான் உள்ளே போனால், அதற்கப்புறம் வீட்டில் யாருக்கும் அவசரம் வரக்கூடாது. "உன் போட்டோ பெருசா, உங்கப்பா பெருசாடா?" என்று அம்மா கதவைத் தட்டுவாள். பேப்பர் டெவலப்பர் கரைசலில் கிடக்கும். நான் என்ன பதில் சொல்வது!

பிலிம், பேப்பர் எல்லாம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து'. அக்ஃபா கிளிக் 3 கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். எனவே ஒவ்வொன்றுக்கும் ராஜ மரியாதை. முழுத்தாளை வீணாக்க மனசு வராமல் ஒரு துண்டைக் கிழித்து என்லார்ஜருக்கு அடியில் வைத்து, மேலே அட்டையை இரண்டு இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோம். கழுவிப் பார்த்தால் வெளுப்பிலிருந்து கறுப்பு வரை பட்டை பட்டையாக வரும். எந்தப் பட்டை தேவலை என்று பார்த்து நேரத்தை முடிவு செய்யவேண்டும்.

பிரிண்டில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் கூடப் பட்டால் கறுக்கும். மாப்பிள்ளை முகம் கறுத்துவிடும் போலிருந்தால், சைக்கிள் கம்பி நுனியில் வட்டமாக வெட்டிய கறுப்பு அட்டையை ஒட்டி, முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டாமல் நிறுத்தினால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் விழுந்து மாப்பிள்ளை மகானாகிவிடுவார். சித்தப்பாவின் வேட்டி மடிப்பே தெரியாமல் வெளுத்தால், இரண்டு கைகளையும் குவித்து, விரல் இடுக்கு வழியாக அங்கே மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டுவோம். நெகட்டிவில் தூசி இருந்தால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளி. அதற்கு மெல்லிய பிரஷ், கொஞ்சம் மை, நிறையப் பொறுமை.

போட்டோஷாப் 1990-இல் வந்தது. அதில் வெளுப்பாக்கும் கருவிக்கு, குச்சி நுனியில் வட்டம் போட்ட ஒரு படம் இருக்கும். கறுப்பாக்கும் கருவிக்குக் குவித்த கை. "என்ன தாத்தா, லாலிபாப்பா?" என்று கேட்டான் பேரன். என் சைக்கிள் கம்பிதான்டா அது.

பையன் கெட்டிக்காரன். நான் ராத்திரி முழுக்கச் செய்ததைப் பேருந்தில் நின்றுகொண்டே செல்போனில் விரலால் தேய்த்துச் செய்துவிடுகிறான். செய்து முடித்த பிறகு, படத்தில் கீறல் போடுகிறான், மூலைகளைக் கறுக்க வைக்கிறான், பழுப்பேற்றுகிறான், புள்ளி புள்ளியாகப் பொரிய விடுகிறான். எதையெல்லாம் ஒழிக்க நாங்கள் ஹைப்போ ரசாயன நாற்றத்தில் கிடந்தோமோ, அதையெல்லாம் ஃபில்டர் என்று காசு கொடுத்து வாங்குகிறான்.

அவனுடைய அம்மா சுவரில் மாட்டப் படம் கேட்டபோதுதான் பையன் முதல் தடவையாகக் கடைக்குப் போனான். வந்த பிரிண்ட் இருட்டடித்திருந்தது. திரையை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் வேறெப்படி வரும்? பேப்பருக்குப் பின்னால் விளக்கு கிடையாதே. இதில் பாட்டியின் உச்சந்தலை வேறு காணோம். செல்போன் படம் 4:3, கடைக்காரர் போடும் 6×4 பேப்பர் 3:2. ஒன்பதில் ஒரு பங்கு மேலேயோ கீழேயோ போய்த்தான் தீரும். சாயங்கால வானத்துக்கு எதிரே அவன் வேண்டுமென்றே கறுப்பு நிழலாக எடுத்த இன்னொரு படத்தை, கடை மெஷின் தானாகவே 'சரி' செய்து வானத்தைச் சாம்பலாக்கித் தந்திருந்தது.

ஆகவே, பிரிண்ட் போடப் போகிறவர்களே! திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்து எடிட் செய்யுங்கள். 3:2-க்கு நீங்களே வெட்டுங்கள். வெட்டிய பிறகு 6×4-க்கு 1800×1200 பிக்சலாவது மிஞ்சவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். பெரிய சைஸ் போடுமுன் முகம் உள்ள பகுதியை மட்டும் ஒரு சின்னத் தாளில் போட்டுப் பாருங்கள். கடையில் மறக்காமல் "கரெக்‌ஷன் போடாதீங்க" என்று சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், காசு உங்களுடையது.