சேவக்குஞ்சுக்கும் ஒரு ரேட் சொல்லுங்க

பெறுநர்: தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாமக்கல் மண்டலம்.
பொருள்: பெட்டைக்குஞ்சின் கூடப்பிறந்தவனுக்கு விலை நிர்ணயம் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் குடியிருக்கும் ஒருத்தி எழுதுகிறேன். காலையில் பேப்பர் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் பார்ப்பது தங்கம் விலை, அடுத்தது நீங்கள் சொல்லும் முட்டை விலை. தங்கம் ஏறினால் பெருமூச்சோடு சரி. முட்டை 5 காசு ஏறினால் மளிகைக்கடைக்காரரிடம் சண்டைக்கே போவோம். 25 காசும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011லேயே செல்லாமல் போய்விட்டன. இந்த நாட்டில் 5 காசு இன்னும் உயிரோடு நடமாடுகிறது என்றால் அது உங்கள் அறிவிப்பில்தான்.

கேலிக்காக மட்டும் சொல்லவில்லை. 1982இல் நீங்கள் வருவதற்கு முன்னால் வியாபாரி சொன்னதுதான் விலை என்று பழைய பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். இன்றைக்கு முட்டைக்கு ஒரு விலை, இட்டு ஓய்ந்த முட்டைக்கோழிக்குக் கிலோ விலை, கறிக்கோழிக்குப் பல்லடத்திலிருந்து ஒரு விலை. ஒரே ஒரு உருப்படி மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. முட்டையினச் சேவக்குஞ்சு.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடி சும்மா கிடக்கிறது, ஐந்தாறு கோழி விடலாம் என்று கிளம்பியதில்தான் அது என் கண்ணில் பட்டது. வாங்குவதைக் கொஞ்சம் பாவ புண்ணியம் பார்த்து வாங்குவோமே என்று ஆசை. முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்கு அலைய வேண்டியிருக்கும் என்று யார் கண்டது?

மாரியம்மன் நோம்பிக் கூட்டத்தில் ஒருத்தர் டிவிஎஸ் 50இன் பின்னால் கூடை கட்டி விற்றுக்கொண்டிருந்தார். ரோஸ், பச்சை, ஊதா. பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன். சாயம் காய்ந்து ரோமம் முள் முள்ளாக ஒட்டியிருந்தது. ஊதிப் பார்த்தால் அடியில் வெளிர் மஞ்சள். அலகின் ஓரம்கூடப் பச்சை. சாயப்பட்டறை ஊரில் இருப்பவளுக்கு இது நல்ல சாயமா, கெட்ட சாயமா என்று ஒரு பார்வையில் தெரியும். “எல்லாம் சேவலுங்களா?” என்று கேட்டேன். “கலரைப் பாருங்கக்கா, அதைப் போய்க் கேட்டுக்கிட்டு” என்றார்.

சரி, முறையாக வாங்குவோம் என்று குஞ்சு ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தேன். தடுப்பூசி போட்ட குஞ்சு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, எல்லாம் சுத்தம். “முட்டைக்குஞ்சுன்னா பெட்டை மட்டுந்தானுங்க வரும்.” அப்படியானால் சேவல்? “நீங்க கேட்டது பெட்டை. சேவலைப் பத்தி உங்களுக்கு எதுக்குங்க?”

நியாயமான கேள்விதான். மெஷினில் 21 நாள் இருந்து பொரிந்தவற்றில் பாதிக்குப் பாதி சேவல். அன்றைக்கே இறக்கை நீளத்தையோ ஆசனவாயையோ பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். பெட்டை ஊசிக்குப் போகிறது. இந்த இனத்துச் சேவல் முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது. வளர்த்தால் தீனிக்காசுகூடத் திரும்பாது. அதனால் கொஞ்சம் சாயத்துக்கு, கொஞ்சம் மீன் தீனிக்கு, மிச்சம் மூச்சுமுட்டியோ அரைவை இயந்திரத்திலோ முடிகிறது. நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. உலகம் முழுக்க ஆண்டுக்கு 600, 700 கோடி என்று கணக்குச் சொல்கிறார்கள். வாயில்லா ஜீவனுக்குத் தேவையில்லாத வலி கொடுக்கக்கூடாது என்று 1960லேயே நம்மிடம் சட்டம் இருக்கிறது. எது தேவை என்பதைத் தீனிச்செலவுதான் தீர்மானிக்கிறது.

நீங்கள் குஞ்சு பொரிப்பதில்லை, விலைதான் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கருப்பனாருக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்கு மதிப்பு உண்டு, அதைக் கண்டால் தெருவே ஒதுங்கும். பொங்கலுக்குப் பூலாம்வலசில் சேவல்கட்டுக்கு இறங்கும் சேவலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். முட்டை உலகத்துச் சேவலுக்கு மட்டும் ஒரு காசு கிடையாது. நீங்கள் ஒரு விலை அறிவித்தாலும் வியாபாரிகள் அதில் ‘மைனஸ்’ போட்டுத்தான் எடுப்பார்கள் என்று பண்ணைக்காரர்கள் காலம்காலமாகப் புலம்பியிருக்கிறார்கள். சேவக்குஞ்சு விஷயத்தில் அந்தப் புலம்பலுக்கு இடமில்லை. அது முழுக்க மைனஸ்.

ஜெர்மனியில் 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து சேவக்குஞ்சைக் கொல்லத் தடை. முட்டைக்குள்ளேயே பெட்டையா சேவலா என்று பார்த்து, பொரிவதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். சிலர் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள்: முட்டைக்குச் சில காசு கூடுதலாக வாங்கி, அந்தப் பணத்தில் கூடப்பிறந்த சேவலையும் வளர்க்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்தது, உங்கள் பாஷையில் சொல்லக்கூடியது. ‘முட்டை விலை 10 காசு உயர்வு; இதில் அண்ணன் பங்கு 10 காசு.’ ஒரு கோழி 300 முட்டைக்கு மேல் இடுகிறது, அப்படியானால் 30 ரூபாய். அதில் ஒரு சேவலை வளர்க்க முடியாது, கணக்கு எனக்கும் தெரியும். முட்டையிலேயே பார்க்கும் அந்த மெஷினுக்கு முன்பணமாகவாவது ஆகட்டும். சண்டை போடாமல் கொடுக்கிறேன்.

அதுவரை நான் என்ன செய்வது? விளம்பரத்தை நம்பிக் குஞ்சு வாங்கும் தைரியம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 2012லேயே போய்விட்டது. பெருந்துறையில் ஈமு கம்பெனிகள் கவிழ்ந்து, பணம் போட்டவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும், பறவைகள் தீனியில்லாமல் பட்டியிலும் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

கடைசியில் ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கும் ஒரு ஆத்தாவிடம் போனேன். சிறுவிடை நாட்டுக்கோழி அடையில் படுத்திருந்தது. வெள்ளை முட்டைக்கோழிக்கு அடை படுக்கும் குணமே அற்றுப்போய்விட்டது என்பதை இங்கே பணிவுடன் குறிப்பிடுகிறேன். “பெட்டையா மட்டும் குடுங்காத்தா” என்று என் வாயிலும் அதுவே வந்தது. “கோழி பிரிச்சா கண்ணு பொரிக்குது? கூட்டத்தோட எடுத்துட்டுப் போ. வாரத்துக்கு வளர்த்து, பெருகுனதுல பாதியைக் கொண்டாந்து குடு” என்றார். தாய்க்கோழியோடு கொடுத்தார். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடச் சொன்னார். ரசீது தரவில்லை.

அவற்றில் மூன்று இப்போது கொண்டை சிவந்து, விடியும் முன்னால் தறியோடு போட்டி போட்டுக் கூவுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார். அப்புறம் ஒன்றைக் கிலோ என்ன விலை என்று கேட்டார். சொல்லவில்லை. உங்கள் பட்டியல் வரட்டும் என்று காத்திருக்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் அறிவிக்கவும். மனுஷன் தினமும் வேலிக்கு அந்தப்புறம் நின்று எடை போட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
அண்ணன்காரர்கள் சார்பில்,
குமாரபாளையத்து முட்டை வாடிக்கையாளர்