அறுநூற்றுப் பன்னிரண்டு

“லைன்ல ஒண்ணும் இல்ல சார். உங்க டப்பாலதான் ஏதோ இருக்கு.” சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான் இன்டர்நெட் கம்பெனிப் பையன். நேற்று சாயங்காலம் நடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

லைனில் ஒன்றுமில்லை என்றானே, அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கம்பெனி லைன் வந்து முடியும் ஓ.என்.டி. பெட்டியில் தன் லேப்டாப்பை நேரே செருகிக் காட்டினான், 930 வந்தது. எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் டப்பா? நாலு நெட்வொர்க் போர்ட், நாலு கோர் பிராசஸர், எட்டு ஜி.பி. ராம், ஃபேன்கூட இல்லாமல் சத்தமின்றிச் சூடு தணிக்கிற அலுமினிய உடம்பு. உள்ளே ஓடுவது பி.எஃப்.சென்ஸ். சுவிட்சர்லாந்துக்காரர் மானுவேல் காஸ்பர் எழுதிய மோனோவால் என்ற ஃபயர்வாலிலிருந்து 2004-இல் பிரிந்து வந்தது அது. அதிலிருந்து 2015-இல் ஓ.பி.என்.சென்ஸ் பிரிந்தது. இவ்வளவு வம்சாவளி உள்ள ஒன்றை, மூலையில் கிடக்கும் பிஸ்கட் பெட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகிறான்.

கம்பெனியே ஓசியில் ஒரு வெள்ளை ரௌட்டர் கொடுக்கும்போது சொந்தமாக ஃபயர்வால் கட்டுவானேன் என்று கேட்பீர்கள். அதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

நான் மாதாமாதம் பணம் கட்டுவது 1000 மெகாபிட்டுக்கு. முழு ஆயிரம் யாருக்கும் வராது என்பது எனக்கும் தெரியும். கம்பியில் போகும் ஒவ்வொரு ஃபிரேமும் முன்னும் பின்னும் உறை போட்டுக்கொண்டு 1538 பைட் இடத்தை அடைக்கிறது. அதில் நம் சரக்கு 1448 பைட்தான். சேதாரம் போக 941. என் லைன் பி.பி.பி.ஓ.இ. வழியாக வருவதால் இன்னும் எட்டு பைட் கழிந்து 936. அதோடு நான் திருப்திப்பட்டுக்கொள்வேன், பேராசைக்காரன் இல்லை. என் ஃபயர்வாலுக்குப் பின்னால் வருவது 612.

94 வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். எங்கள் மரக்காணம் கடற்கரையில் 94 வந்தால் காரணம் தேட வேண்டியதே இல்லை. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டு இழையும் வேண்டும். நூறுக்கு நாலு போதும். உப்புக் காற்று பட்டு ஒரு முனையில் களிம்பு ஏறினால் போதும், இரண்டு பக்கமும் தங்களுக்குள் பேசி நூறுக்கு இறங்கிவிடும். எங்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள், தையல் மெஷின், தண்ணீர் மோட்டாரின் ஸ்குரூ எல்லாமே ஆண்டுக்கு ஒருமுறை துருவேறி இறங்குகிறவைதான். பரவாயில்லை, முனையை வெட்டிப் போட்டுப் புது முனை கிரிம்ப் பண்ணினால் சரியாகிவிடும். ஆனால் 612-ஐ என்ன செய்வது? அதில் எதை வெட்டுவது?

கேபிளையும் விடவில்லை. செம்பு என்று விற்பதில் பாதி, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்டது. பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகச் சிரிக்கும். என்னுடையது உள்ளேயும் சிவப்புதான். செட்டிங்கைப் பார்க்கலாம் என்றால் அங்கே வேறு கூத்து. ‘ஹார்டுவேர் செக்சம் ஆஃப்லோடை நிறுத்து’ என்று எழுதி எதிரே ஒரு கட்டம். டிக் போட்டால் நிற்கும், எடுத்தால் ஓடும். அதற்குக் கீழே இன்னும் இரண்டு, அவையும் அப்படியே. போட்டேன், எடுத்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். எது போட்டது எது எடுத்தது என்று எழுதி வைத்த காகிதத்தில் மனைவி பால் கணக்கு எழுதிவிட்டாள்.

ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு ஸ்பீடு டெஸ்ட். அதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு முறை இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும், மறைக்காதீர்கள். முதலில் ஊரடங்கு. கூடத்தின் நடுவில் நின்று “யாரும் போனத் தொடாதீங்க” என்று அறிவிப்பேன். அம்மாவின் சீரியல் நிற்கும். மெல்போர்னில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும் மனைவி, “இருடி, உங்கப்பா ஸ்பீடு பாக்கணுமாம்” என்று வைத்துவிடுவாள். எந்தக் காரியத்துக்காக இவ்வளவு வேகம் வாங்கினோமோ அந்தக் காரியத்தை நிறுத்தினால்தான் வேகம் இருக்கிறதா என்று பார்க்க முடியும்.

அடுத்தது சர்வர் தேர்வு. சென்னையா, புதுச்சேரியா, பெங்களூரா? எது கூடுதலாகக் காட்டுகிறதோ அதுவே நேர்மையான சர்வர். பொத்தானை அழுத்தியதும் மூச்சை நிறுத்த வேண்டும். ஐந்நூறு வரை முள் தானாக ஏறும். அதற்கு மேல் நம் ஒத்தாசை தேவை. தாடையை முன்னே நீட்டி, தோளை லேசாக உயர்த்தி, நாற்காலியின் நுனிக்கு வந்து உந்த வேண்டும். 580. 600. 612. அங்கேயே நிற்கும். முதல் முறை வருவது கணக்கில் சேராது, லைன் இன்னும் சூடாகவில்லை. இரண்டாம் முறையும் சேராது, நடுவில் அம்மா இருமினாள். மூன்றாம் முறை 598 வரும். உடனே, ஒரு நிமிடம் முன்பு வரை கேவலமாகத் தெரிந்த அந்த 612 கண்ணுக்கு லட்சணமாகத் தெரிய ஆரம்பிக்கும். அதையாவது திரும்பப் பிடித்துவிட மாட்டோமா என்று நாலாவது முறை அழுத்துவோம். 604. அப்லோடு என்று ஒன்று தனியாக ஓடும், அதை யாரும் பார்ப்பதில்லை. பிங் என்று ஒன்று இருக்கும். அது 4 என்றால், எதற்கென்று தெரியாமலே ஒரு பெருமிதம் வரும்.

பிறகு ஸ்கிரீன்ஷாட். இருப்பதில் பெரியதை எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில், “லைன் கொஞ்சம் டல்” என்று அடக்கமாகப் போடுவேன். தாம்பரத்தில் இருக்கும் மைத்துனர் பதிலாக ஒரு வார்த்தை எழுத மாட்டார். தன்னுடைய ஸ்கிரீன்ஷாட்டைப் போடுவார். 890. அதுவும் அந்த ஓசி வெள்ளை ரௌட்டரில். நான் அந்தப் படத்தை விரித்து விரித்துப் பார்த்து, மேல் ஓரத்தில் நேரம் 2:40 என்று கண்டுபிடிப்பேன். விடியற்காலை. ஊரே தூங்கும்போது எவனுக்கும் 890 வரும். அந்த நேரத்தில் எழுந்து ஸ்பீடு பார்க்கிற மனிதரின் குடும்ப வாழ்க்கை எப்படியிருக்கும் என்று நான் மனைவியிடம் கேட்க, அவள் தன் அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பாள்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 612 வேகத்தில் ஒரு டெஸ்ட் பத்து விநாடி ஓடினால் டவுன்லோடு மட்டும் முக்கால் ஜி.பி. தீரும். நல்ல வேகம் வந்தால் ஒரு ஜி.பி.க்கு மேல். ஃபயர்வாலில் மாத உபயோகத்தை வரைபடமாகப் பார்க்கலாம். பார்த்தேன். எங்கள் வீட்டில் இன்டர்நெட்டை அதிகமாகச் செலவழிப்பது சீரியலும் இல்லை, மெல்போர்னும் இல்லை. இன்டர்நெட் வேகத்தை அளப்பதுதான்.

எங்கள் தெருக்கோடியிலிருந்து உப்பளம். அங்கேயும் அளக்கிறார்கள். உப்புநீரில் டிகிரிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். இருபத்தைந்து டிகிரியை ஒட்டி வந்தால்தான் உப்பு பூக்கும். வரவில்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். குழாயைத் தூக்கி மறுபடி விட்டால் கூடுதலாகக் காட்டுமா என்று அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட்டும் கிடையாது.

நம் அரசாங்கக் கணக்கு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1995 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தபோது வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். 2004 கொள்கைப்படி 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்டு. பிறகு 512 ஆயிற்று. 2023 ஜனவரியில்தான் இரண்டு மெகாபிட் ஆக்கினார்கள். அதாவது, சட்டப்படி என் வீட்டுக்குள் முந்நூறு பிராட்பேண்டு இணைப்புகளுக்கு மேல் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. இருந்தும் நான் குறைப்பட்டுக்கொள்கிறேன். குறைப்படுவேன். முந்நூறுக்கு யார் பணம் கட்டினார்கள்? நான் ஐந்நூறுக்குக் கட்டியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து மரக்காணத்துக்கு நெட்வொர்க் வருவது இது முதல் தடவையும் அல்ல. பக்கிங்காம் கால்வாய் ஆந்திரத்திலிருந்து கிளம்பி, சென்னையைக் கடந்து, கரையோரமாகவே வந்து முடிவது எங்கள் ஊர்ப் பக்கம்தான். 1806-இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கியது, 1870-களின் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்தவர்கள் கைபட்டு நீண்டது, அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வாங்கிக்கொண்டது. உப்பும் விறகும் படகேறிப் பட்டணம் போயின. அப்லோடு மட்டுமே பெரிதாக இருந்த லைன். படகு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தாலும், கரையில் நின்று யாரும் முள்ளைப் பார்த்துத் தாடையை நீட்டியிருக்க மாட்டார்கள். இப்போது அந்தக் கால்வாயில் தண்ணீர் போகிறதா என்பதே கேள்வி.

எங்கே விட்டேன்? சொந்தமாகக் கட்டிய காரணம். அதற்கு முன்னால் பெங்களூரில் இருக்கும் அக்கா மகனைச் சொல்ல வேண்டும். போன் போட்டால், “மாமா, 612 போதாதா?” என்பான். 4கே படத்துக்கு 25 போதும் என்று கணக்கும் சொல்வான். போதுமா போதாதா என்று நான் கேட்கவே இல்லை. அவன் மென்பொருள் வேலை பார்க்கிறான். கடைசியில் அவன்தான் ஒரு கட்டளையைச் சொல்லி, டெஸ்ட் ஓடும்போது ஃபயர்வாலின் கோர்களைப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். ஒன்று நூறு சதவீதத்தில் வெந்துகொண்டிருந்தது. மற்ற மூன்றும் சும்மா.

பி.பி.பி.ஓ.இ. என்பது 1999-இல், டயல்-அப் வழக்கத்தை ஈதர்நெட்டுக்குள் இழுத்துவந்து எழுதிய விதி. சாதாரணப் பாக்கெட்டாக இருந்தால், முகவரியைப் பார்த்து நெட்வொர்க் கார்டு அவற்றை நாலு கோருக்கும் பங்கிட்டுவிடும். பி.பி.பி.ஓ.இ. உறைக்குள் வருவதை அது பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் விட்டு ஒரே கோரின் தலையில் கட்டிவிடும். ஒரு பாத்திக்கு நாலு ஆள் கூலி கொடுத்து, கொளுத்தும் வெயிலில் ஒருவர் மட்டும் பலகை போட்டு உப்பை இழுக்க, மூன்று பேர் வரப்பில் உட்கார்ந்து கூலியை வாங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்! அதற்கு மேல் ஆபத்துகளைக் கண்டுபிடிக்கட்டும் என்று நான் சூரிகாட்டாவையும் நிறுவியிருந்தேன். அது என் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் சோதனை போடுகிறது. இதுவரை அது பிடித்த ஒரே சந்தேக நபர் அம்மாவின் டிவி.

ஒரே கோர் திணறுவதற்கும் வைத்தியம் வந்துவிட்டது. 2025-இல் வெளியான பி.எஃப்.சென்ஸ் 2.8-இல் பி.பி.பி.ஓ.இ.க்கென்று புதிதாக எழுதிய டிரைவரைச் சேர்த்திருக்கிறார்கள். போட்டுவிட்டால் ஆயிற்று. ஆனால் போடும்போது வீட்டில் சிறிது நேரம் இன்டர்நெட் இருக்காது. எந்தச் சிறிது நேரத்தில்? விடிந்ததும் மெல்போர்ன். பத்து மணிக்கு மேல் எதிர்வீட்டு உப்பு வியாபாரி, எங்கள் வைஃபையில்தான் லாரிக்காரருக்கு ஜிபே போடுகிறார். தன் பிளான் தீர்ந்துபோய் எத்தனையோ மாதமாகிறது; நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மத்தியானம் அம்மாவின் பழைய சீரியல், ராத்திரி புதிய சீரியல். ஃபெஞ்சல் புயலில் 2024-இல் இங்கே உப்பளமெல்லாம் முழுகிக் கரண்டும் போனபோது பேசாமல் இருந்தவள் அம்மா. சீரியல் நடுவில் லைன் போனால் மட்டும் பொறுக்க மாட்டாள்.

ஆகவே விடியற்காலை மூன்று மணி. அலாரம் வைத்துவிட்டேன். மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. கழுவெளி ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்து இத்தனை வருஷமாயிற்று, பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒருமுறைகூடப் போகவில்லையே, நாளைக்குப் போகிறேன் என்றேன்.

“ஏங்க, மூணு மணி இருட்டுல என்ன பறவை தெரியும்?”

“ஆந்தை.”