வேகம் எங்கே போச்சு? (டயல்-அப் மோடம் காலத்துக் கேள்வி-பதில்)

தஞ்சாவூர் வாசகர்: 56கே மோடம் வாங்கினேன். விண்டோஸ் தினமும் 31,200 என்றே காட்டுகிறது. மீதியை யார் தின்றது?

அந்த 31,200-லேயே துப்பு இருக்கிறது. 1998-ல் வந்த வி.90 முறையில் இணைந்தால் 42,666, 44,000, 45,333 என்று கோணல் எண்களாக வரும். 28,800, 31,200, 33,600 என்று வந்தால், உங்கள் மோடம் 56கே ஆசையை விட்டுவிட்டுப் பழைய வி.34 முறைக்கு இறங்கிவிட்டது. இணைய நிறுவனத்திலிருந்து உங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரை பாதை முழுக்க டிஜிட்டலாக இருந்தால்தான் 56கே. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பி மட்டும் அனலாக்காக இருக்கலாம். நடுவே இன்னொரு முறை அனலாக் புகுந்தால் தீர்ந்தது. ஆபீஸ் இண்டர்காம் பெட்டி வழியாக மோடத்தைச் சொருகியிருந்தால், இன்றே நேர் லைனுக்கு மாற்றுங்கள்.

ஈரோடு மாணவி: எனக்கு 1,15,200 காட்டுகிறதே!

அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள வேகம். தெருவுக்கு வரவில்லை. ஆனால் அந்த அமைப்பைக் குறைக்காதீர்கள். சுருக்கி அனுப்பப்பட்ட எழுத்துகளை மோடம் விரித்துக் கொடுக்கும்போது அந்த இடம் தேவைப்படும்.

நாகர்கோவில் வாசகர்: வேகத்தை இரட்டிப்பாக்கும் சாஃப்ட்வேர் சிடி விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை தகவல் பொட்டலத்தின் அளவைத்தான் கூட்டிக் குறைக்கின்றன. குடத்தை மாற்றினால் குழாயில் தண்ணீர் கூடுமா? சுருக்கும் வேலையை மோடமே வி.42பிஸ் முறையில் செய்கிறது. எழுத்து நன்றாகச் சுருங்கும். ஜிப், ஜேபெக், எம்பி3 எல்லாம் ஏற்கெனவே பிழிந்தவை, மேலும் பிழிய ஒன்றுமில்லை.

விருதுநகர் வாசகர்: அப்படியானால் காசை எதில்தான் போடுவது?

கம்பியில். முடிந்தால் காசே போடாமல் காதைப் போடுங்கள். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றுபோகும். அந்த நிசப்தத்தில் கரகரப்போ ரேடியோ பாட்டோ கேட்டால், உங்கள் வேகத்தைத் தின்பவன் அவன்தான். கரகரப்பு கூடக்கூட மோடம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கெட்டுப்போன துண்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும்.

அடுத்து, வீட்டிலுள்ள எக்ஸ்டென்ஷன் போன்கள், காலர் ஐடி பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே மோடத்தைச் சொருகிப் பாருங்கள். வேகம் ஏறினால் குற்றவாளி வீட்டுக்குள்தான்: முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், பச்சை பூத்த பிளக், டியூப்லைட் ஒயரோடு ஒட்டி ஓடும் போன் ஒயர். ஒட்டுப்போடாத புது ஒயர் ஒன்றை நேராக இழுங்கள். ஏறாவிட்டால் கோளாறு வெளியே. மழை பெய்தால் மட்டும் மோசமாகிறதா என்று கவனித்துச் சொன்னால் லைன்மேனுக்குப் பாதி வேலை மிச்சம். மழையில் மட்டும் என்றால், எங்கோ ஒரு ஜாயிண்டில் தண்ணீர் இறங்குகிறது. ‘நெட் ஸ்லோ’ என்று புகார் எழுதாதீர்கள், ‘போனில் இரைச்சல்’ என்று எழுதுங்கள். அவர் சரிசெய்யக்கூடியது அதுதான். எக்ஸ்சேஞ்ச் வெகுதூரத்தில் இருந்தால் சிக்னல் தேய்ந்துதான் வரும், அதற்கு மருந்தில்லை.

கரூர் வாசகி: 44,000-ல் இணைந்தும் பாட்டு இறங்கும்போது 5 என்றே காட்டுகிறது. ஏமாற்றா?

இல்லை, எட்டால் வகுத்திருக்கிறது. முதல் எண் பிட், இரண்டாவது கிலோபைட். 5 வந்தால் உங்கள் லைன் தங்கம். 4 எம்பி பாட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும்.

சேலம் வாசகர்: நெட்டில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் இணைப்பு அறுந்துவிடுகிறது.

கால் வெயிட்டிங்கின் ‘பீப்’ செய்யும் வேலை. எக்ஸ்சேஞ்சில் சொல்லி அதை நீக்கிவிடுங்கள். பெரிய ஃபைல்களை, விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜரிடம் ஒப்படையுங்கள். இரவில் கூட்டம் குறைந்த பிறகு இறக்குங்கள்.

மதுரை வாசகர்: போன் பில் பயமுறுத்துகிறது. வேகம் கூடாமலே சிக்கனம் செய்ய முடியுமா?

நிச்சயமாக. மெயில்களை இணைப்பில்லாமல் எழுதி வைத்துக்கொண்டு, இணைந்ததும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டுத் துண்டியுங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் அட்வான்ஸ்டு பகுதியில் படங்களைக் காட்டும் டிக்கை எடுத்துவிட்டால் பக்கம் உடனே வந்து நிற்கும். பார்க்க வேண்டிய படத்தின்மேல் மட்டும் ரைட் கிளிக் செய்து வரவழைத்துக்கொள்ளலாம்.