கண்ணீர் அஞ்சலிக்கா எடுத்தே?

அடுத்தவர் எடுத்த படத்தில் குறை கண்டுபிடிப்பதில் எனக்குத் தனி உற்சாகம். அதுவும் கறுப்பு வெள்ளை முகப்படம் என்றால் கேட்கவே வேண்டாம். "தலைக்குப் பின்னால் கம்பம் முளைச்சிருக்கே", "கண்ணில் ஒளிப்புள்ளி எங்கே?", "கன்னத்தில் ரெம்பிராண்ட் முக்கோணம் விழலையே" என்று அடுக்கிக்கொண்டே போவேன். திருவொற்றியூரில் குடியிருக்கும் நானும் ஒரு கேமரா வைத்திருப்பதுதான் சிக்கல்.

காசிமேட்டில் நான் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு உச்சந்தலையில் விசைப்படகுக் கம்பம் நிற்கிறது. மற்றவர் எடுத்தால் அது பிழை. நான் எடுத்தால் 'சூழலோடு கூடிய உருவப்படம்'.

1941 டிசம்பரில் ஒட்டாவாவில் ஒளிப்படக் கலைஞர் யூசுப் கார்ஷ் சர்ச்சிலின் சுருட்டைப் பறித்துவிட்டு அவருடைய கோப முகத்தைப் படமாக்கிய கதை எனக்கு மனப்பாடம். அந்தத் தைரியத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், பீடியைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொன்னேன். பீடியோடு அவரும் எழுந்து போய்விட்டார்.

வெளிச்ச விஷயம் இன்னும் மோசம். இங்கே காலைச் சூரியன் கடலிலிருந்து வருகிறது. பின்னணியில் கடல் வேண்டும் என்ற ஆசையில், ஆட்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வைப்பேன். கேமராவின் ஒளிமானிக்கு உலகம் முழுக்க நடுத்தரச் சாம்பல், கணக்குப்படி 18 சதவீதம். தகதகக்கும் தண்ணீரை அது அந்தச் சாம்பலுக்கு இறக்கும்போது முன்னால் நிற்பவரின் முகம் கரியாகிவிடும். ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்டி வைத்தால் முகம் மீளும் என்று பிறருக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். எடுக்கிற நேரத்தில் மறந்துவிடும். பிறகு 'நிழலுரு' என்று தலைப்பு வைத்துச் சமாளிப்பேன்.

இதெல்லாம் கைத்தவறு. கணினியில் செய்தது தவறல்ல, திட்டம். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது மனிதத் தோல் பெரும்பாலும் ஆரஞ்சுப் பட்டைக்குள் அடங்கும். அதை ஏற்றினால் முகம் தெளியும். இறக்கினால் தோல் கறுத்து, சுருக்கமும் வெயில் தழும்பும் மேலே வரும். எண்ணூர், ராயபுரம் முகங்களுக்கெல்லாம் நான் இறக்கினேன். போதாததற்கு கிளாரிட்டியையும் ஏற்றினேன். நாற்பது வயதுக்காரர் எழுபதைத் தாண்டினார். வடசென்னை என்றாலே கரி, வியர்வை, புகைபோக்கி என்று எனக்குள் ஒரு படம் முன்பே கழுவித் தயாராக இருந்திருக்கிறது. மயிலாப்பூர் மாமி ஒருவரை எடுத்தபோது அதே பட்டையை மேலே ஏற்றினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் பிரிண்ட்டைக் கொடுத்தேன். அன்று அவர் கட்டியிருந்தது கிளிப்பச்சைப் புடவை. முகத்தில் பளிச்சென்று மஞ்சள். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கா எடுத்தே? நான் உசுரோடத்தான கீறேன்!"

ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதித் தொழிலாளர்களை வெள்ளைத் தாளின் முன்னால், நிழலில் நிறுத்தி எடுத்தார் என்று அந்த அக்காவிடம் விளக்கலாமா என யோசித்தேன். அதே அவெடான், அந்த மக்களை இரக்கமில்லாமல் காட்டினார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானவர். எனக்குச் சாட்சி சொல்ல அவரைக் கூப்பிட முடியாது. எனக்கு எதிரான சாட்சியோ இங்கேயே இருக்கிறார்: மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் எம். பழனி குமார். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருது பெற்றவர். அவர் படங்களில் உழைக்கிறவர்கள் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார்கள், நம் அனுதாபத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. என் படங்களில் எல்லோருமே காத்திருக்கிறார்கள்; காக்க வைத்தது நான்தான்.

காசிமேட்டுக்குக் கேமராவோடு போகிறவர்கள் தயவுசெய்து கடலுக்கு முதுகைக் காட்டி நீங்கள் நில்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் ஆளைத் தார்ப்பாய் நிழலின் விளிம்புக்கு அழைத்து, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்புங்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு, கலர்ப் பிரதியை அவரிடம் கொடுங்கள்.