குரங்குக் குல்லாவும் சில்க்கிக் கோழியும்

எமனையே எட்டி உதைத்த ஊர் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் அமிர்தகடேஸ்வரர் சன்னதியில் ஜோடிகள் மாலையும் கழுத்துமாக வரிசை கட்டி நிற்கும் ஊர். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஐப்பசி பிறந்தால் தூக்கத்தைத் தொலைத்துவிடுகிறார். டொரொன்டோவில் இருக்கும் மகன், அப்பாவின் சஷ்டியப்த பூர்த்திக்கு வந்தபோது சென்னையில் வாங்கிக்கொடுத்த நான்கு சில்க்கிக் கோழிகள்தான் காரணம்.

பரிசைக் கொடுத்ததோடு மகன் நிறுத்திக்கொள்ளவில்லை. பனி கொட்டும் தேசத்திலிருந்து வாரம் தவறாமல் போனில் யோசனைகள் வரும். ‘கொண்டையில் வாஸலின் தடவுங்கள், உறைபனியில் கருகிவிடும்.’ ‘கூண்டில் ஹீட்டர் வையுங்கள்.’ இந்தக் கரையோரத்தில் மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வாஸலினை அம்மா பித்தவெடிப்புக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாதென்று அப்பா மட்டும் கூண்டுக்கு நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, உள்ளே பல்பு எரியவிட்டு, தானும் குரங்குக் குல்லாவோடு காவலுக்கு உட்கார்ந்தார். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல், மனிதருக்கு 37. குல்லா யாருக்குத் தேவை என்பது அதிலேயே தெரிகிறது.

சில்க்கி ஒன்றும் நேற்று முளைத்த பறவை இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சீனத்தில் இருந்த மார்க்கோ போலோ, பூனைக்கு இருப்பதுபோல் ரோமம் உள்ள கறுப்புக் கோழிகள் அங்கே உண்டென்று சொல்லியிருக்கிறார். பாண்டிய நாட்டுக் காயல் பட்டினத்தைப் பற்றிச் சொன்னவரும் அவரேதான். காலில் நான்குக்குப் பதில் ஐந்து விரல். தோலும் எலும்பும் கறுப்பு. காது மடல் நீலம். தலையில் கண்ணை மறைக்கும் குடுமி. அப்பா அதை ரப்பர் பேண்ட் போட்டுத் தூக்கிக் கட்டிவிடுகிறார். கோயில் தெருவில் குடுமியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சில்க்கிக்கு எதிரி குளிர் இல்லை, ஈரம். மற்றக் கோழிகளின் இறகு இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதால் மழைத்துளி வழுக்கி ஓடிவிடும். சில்க்கிக்கு அந்தக் கொக்கி கிடையாது. பஞ்சுத் தலையணை தண்ணீரைக் குடிப்பதுபோல் மொத்தத்தையும் உடம்போடு வாங்கிக்கொள்ளும். காய்ந்த கூண்டில் காற்றடிக்காமல் இருந்தால் கடுங்குளிரைக்கூடச் சமாளிக்கிற பறவை, 24 டிகிரியிலும் நனைந்துவிட்டால் நடுநடுங்கும்.

டெல்டாவிலோ ஐப்பசி, கார்த்திகை என்றால் ஈரம்தான் பருவம். 2022 நவம்பரில் பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் நாட்டுக்கோழி எப்படியாவது திண்ணைக்கு ஏறிவிடும். சில்க்கி ஏறாது. பறக்கத் தெரியாது, பரணும் வேண்டாம். தரையிலேயே ஒன்றின்மேல் ஒன்று குவிந்து தூங்கும். தண்ணீர் தரை வழியாகத்தானே வருகிறது!

மருமகள் மறந்து வைத்துவிட்டுப் போன ஹேர் டிரையர் அந்த நாட்களில் சேவலுக்கு உதவியது. மின்சாரம் இருந்தவரைக்கும்.

தார்ப்பாயைக் கழற்ற வைத்தவர் பக்கத்து வீட்டு ஆத்தா. கூண்டுக்குள் தலையை நீட்டியவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு, “ஏன் சார், கோழிய ஊறுகாயா போடுறீங்க?” என்றார். எச்சத்தின் அமோனியா நெடி அப்படி. மூடிய கூண்டில் மூச்சுக்காற்றின் ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் கோழிக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்? இப்போது காற்று நேராக அடிக்கும் பக்கம் மட்டும் மறைப்பு. கூரைக்குக் கீழே நெடுக இடைவெளி. தரையைச் செங்கல் வைத்து இரண்டடி உயர்த்தி, ஏறச் சாய்பலகை போட்டாயிற்று. மேலே நாலு விரற்கடை உமி. நெல் விளையும் சீமையில் உமிக்கா பஞ்சம்? தினமும் கிளறிவிட்டு, கட்டி தட்டிய இடத்தை அள்ளிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் சுண்ணாம்பு தூவினால் போதும். ஈர உமியில்தான் ரத்தக்கழிச்சல் தலையெடுக்கும்.

பல்பு குஞ்சுகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. முதல் வாரம் 35 டிகிரி வரை சூடு வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். பெட்டைகளுக்கு எந்த நேரமும் அடை படுக்கும் ஆசை என்பதால், வாத்து முட்டை வைத்தாலும் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். அப்போது பல்பும் மிச்சம்.

மிச்சம் ஆகாதது கால் கழுவும் வேலை. பாத இறகில் களிமண் ஒட்டி, காய்ந்து, ஒவ்வொரு விரலிலும் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டுவிடும். பிய்த்தால் நகம் பிய்யும். வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, விரல் விரலாகப் பிசைந்து, துவட்டி, மடியில் வைத்துக் காயவிட வேண்டும். ஆளுக்குப் பத்து விரல், ஆக நாற்பது. சாருக்குப் பாத பூஜை செய்தவர்கள்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

வெள்ளைக்கழிச்சல் மட்டும் இந்த உபசாரத்துக்கெல்லாம் மசியாது; தடுப்பூசிதான் வழி. கால்நடைத் துறை முகாமுக்குக் கூடையோடு போனார். ஊசி போட வந்தவர் இறக்கையைத் தேடி ரோமத்தை விலக்கினார், கருந்தோலைப் பார்த்தார், “கடக்நாத்தா சார்? கிலோ என்ன விலைக்குக் குடுக்கிறீங்க?” என்று கேட்டார். தலைமையாசிரியர் குல்லாவைக் கழற்றாமலேயே அவரை முறைத்தார். அது வேறு, இது வேறு என்று கடக்நாத்தின் பூர்வீகமான ஜாபுவா மாவட்டத்திலிருந்து தொடங்கி ஒரு பாடம் நடந்தது. பின்னால் கோழியோடு நின்றவர்கள் வெயிலில் காத்திருந்தார்கள்.