நல்லதண்ணிக் கேச இலக்கணம்

பாயிரம்

எந்த இலக்கணமும் முதலில் தான் வழங்கும் நிலத்துக்கு எல்லை சொல்லியாக வேண்டும். இந்நூலின் எல்லை இலங்கை மலையகத்து நல்லதண்ணி: ஒரு பக்கம் சிவனொளிபாதமலை, மறுபக்கம் மவுசாகலை நீர்த்தேக்கம், மேலே மேகம், கீழே அட்டை. நுதலிய பொருள் தலைமுடி. கற்போர் யார் எனில், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஷாம்பூ பக்கெட்டைப் பல்லால் கிழித்த பிறகு, அது தம் முடிக்கு ஆகுமா என்று யோசிப்பவர்கள். பயன், அந்தப் பக்கெட்டின் விலை மிச்சமாதல்.

முன்னோர் மொழிந்தவை

தலைமுடியை முதலில் வகைப்படுத்தப் புறப்பட்டவர்கள் தலைவாரும் நோக்கத்தில் புறப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் போரி தெ சேன் வின்சென்ட் நேர்முடியர், கம்பளிமுடியர் என்று மனிதகுலத்தையே இரண்டாகப் பிளந்தார். நடுவில் அலைமுடிக்காரர் என்று ஒரு கூட்டம் விடுபட்டுப் போனதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்து, அதற்கும் கிரேக்கத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். 2011இல் அமெரிக்காவின் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியில் கடைசிச் சொல்லாக வந்தது அந்தப் பெயர்தான். இந்திய வம்சாவளிச் சிறுமி ஒருத்தி அதைப் பிழையில்லாமல் எழுத்துக்கூட்டிக் கோப்பையை வாங்கிப் போனாள். அச்சொல்லால் யாருக்காவது நன்மை விளைந்தது என்று சொல்ல எனக்குத் தெரிந்த சான்று அது ஒன்றே. ஜெர்மானியர் ஒய்கன் பிஷர் நிறம் நிறமாக முடிக்கற்றை அடுக்கிய பெட்டி ஒன்றைச் செய்தார். 1908இல் ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்குப் போய் மனிதரை அளந்து வந்தார். அவர் வளர்த்த இனவியல் பிறகு நாஜிகளுக்குக் கைகொடுத்தது. முடியில் தொடங்குகிறவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

இன்று உலகம் ஓதுவது ஆந்த்ரே வாக்கரின் சூத்திரம். தொலைக்காட்சிப் புகழ் ஓப்ரா வின்ஃப்ரேக்குத் தலை அலங்காரம் செய்தவர். 1997இல் வந்த அவருடைய நூலின்படி 1 நேர்முடி, 2 அலைமுடி, 3 சுருள்முடி, 4 நெருங்கிச் சுருண்ட முடி. அவற்றுக்குள் ஏ, பி, சி என்று உட்பிரிவுகள். அவர் விட்ட இடங்களில் சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் தாமே நிரப்பிக்கொண்டார்கள். இதில் கண்ணளவை மட்டும்தானே இருக்கிறது என்று குறைப்பட்ட லோரியால் ஆய்வாளர்கள், சுருளின் விட்டத்தையும் அலைகளின் எண்ணிக்கையையும் அளந்து 2007இல் எட்டு வகை என்றார்கள்.

தமிழ் நிகண்டுகள் பெண்கள் கூந்தலை ஐம்பால் என்று வகுத்திருக்கின்றனவே எனின், முடி, குழல், கொண்டை, பனிச்சை, சுருள் என்ற அவ்வைந்தும் முடிக்கும் விதங்கள், முளைக்கும் விதங்களல்ல. நக்கீரர் வழக்காடியதோ கூந்தலின் மணத்தைப் பற்றி. அதை இங்கே இழுக்க வேண்டாம். முளைக்கும் விதத்தைச் சொன்னது பழமொழி ஒன்றுதான்: சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும். இரண்டே வகை, ஆனால் இரண்டுக்கும் குடும்பப் பொருளாதாரத்தில் என்ன விளைவு என்றும் சொல்லிவிடுகிறது. வாக்கரும் லோரியாலும் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை.

காரணம்

சுருளுக்குக் காரணம் தோலுக்கடியில் இருக்கிறது. மயிர்க்கால் நேராக இறங்கியிருந்தால் முடி நேராக வரும். வளைந்திருந்தால் வளைந்து வரும். முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இருந்தால் கோரை, தட்டையான நீள்வட்டமாக இருந்தால் சுருட்டை என்பது பொது விதி. உள்ளே கெரட்டின் என்னும் புரதத்தைப் பிணைப்பவற்றுள் இங்கே வேண்டியவை இரு வகை. கந்தகப் பிணைப்பு உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு நனைந்தால் விட்டுக்கொடுத்து, காய்ந்தால் திரும்பிக்கொள்ளும். ஆகவே ‘முடியை நன்றாகக் கழுவு, எண்ணெய் வைக்காதே, சீப்புப் படாமல் தானாகக் காயவிடு, பிறகு பார்’ என்று எல்லா ஆசிரியரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். காய்ந்த இழை தட்டையாகக் கிடந்தால் ஒன்று, படுத்த பாம்பாய் நெளிந்தால் இரண்டு, பென்சிலைச் சுற்றிக்கொள்ளும் வளையமானால் மூன்று, மடித்து மடித்து ஒடித்தது போலிருந்தால் நான்கு. உச்சி, பொட்டு, பிடரி மூன்றிலும் ஒவ்வோர் இழை எடுக்க வேண்டும். ஒரே தலையில் இரண்டு மூன்று வகை குடியிருப்பது சாதாரணம்.

இவ்விதி நல்லதண்ணிக்கு வரும்போது ‘தானாகக் காயவிடு’ என்ற இடத்தில் முட்டி நிற்கிறது.

தென்மேற்குப் பருவமழை இறங்கினால் பீலித் தண்ணீரில் தலை முழுகிவிட்டு வந்த முடி மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போதும் காய்ந்திருக்காது. இதையும் அறிவியல் அறியும். 1783இல் சுவிட்சர்லாந்தின் சோசூர் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை மனித முடியை வைத்துத்தான் செய்தார். முற்றிலும் உலர்ந்த நிலையிலிருந்து முற்றிலும் ஈரமான நிலைக்கு வந்தால் முடி நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு நீளும். அதன்படி 60 சென்டிமீட்டர்ச் சடை ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் வரை வளர்ந்து காட்ட வேண்டும். ஆனால் சோசூர் தம் முடியைக் காரம் போட்டு அவித்து எண்ணெய்ப் பசையை முழுதும் நீக்கிய பிறகே கருவியில் கட்டினார். எண்ணெய் நீங்கிய தலை இங்கே கிடைப்பது அரிது. தண்ணீர்க் குவளையில் முடியைப் போட்டு மிதக்கிறதா தாழ்கிறதா என்று பார்க்கும் பரீட்சையும் அதனால்தான் பயனற்றது. நல்லதண்ணி முடி எதுவானாலும் மிதக்கும். மிதப்பது தேங்காயெண்ணெய். அதைக் குறை சொல்வதற்கில்லை. தேங்காயெண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவிப் புரதம் கழியாமல் காக்கிறது என்று 2003இல் மும்பை ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். பாட்டிமாருக்கு அது செய்தியே இல்லை.

ஆக, பரீட்சைக்கு உரிய காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதுவோ யாத்திரைப் பருவத்தின் நடு. டிசம்பர்ப் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரை உலகத்தின் ஒன்று முதல் நான்கு வரையான எல்லா வகை முடியும் நல்லதண்ணிக் கடைத்தெரு வழியாக மலையேறுகிறது. வகைநூலாருக்கு இதைவிடக் கொழுத்த அறுவடை இல்லை. ஆனால் எல்லாரும் ஏறுவது விடியலைப் பார்க்க, நடுநிசி தாண்டி, கம்பளித் தொப்பியை இழுத்துக் காதுவரை மூடிக்கொண்டு.

அளவை

எனவே ஆய்வுக்களம் லயத்து இஸ்தோப்பு என்னும் திண்ணை, நாள் ஞாயிற்றுக்கிழமை, கருவி பேன்சீப்பு. மேற்படியில் பார்ப்பவர், கீழ்ப்படியில் பார்க்கப்படுபவர். இத்தனை நெருக்கமாக, இத்தனை பொறுமையாக, இழை இழையாகப் பிரித்து முடியைப் பார்க்கும் ஆய்வகம் பாரிஸிலும் இருக்காது.

“அம்மாயி, நா டூ பி.”

“ரெண்டாம் நம்பர் மலையா? அங்க நேத்தே கொழுந்து எடுத்தாச்சே.”

“மலை இல்ல அம்மாயி, முடி. போன்ல கேள்வி கேட்டுச்சு, பதில் சொன்னேன்.”

“நம்பர் பாத்துக்கிட்டு நின்னா அரைப்பேருதான் விழும், பாதிச் சம்பளம். தலைய நேரா வச்சுக்க, பேன் ஓடுது.”

அம்மாயியின் தலையை நெருங்கிப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. உச்சிக்குச் சற்று முன்னால், வகிட்டுக்குக் குறுக்கே, விரல் அகலத்தில் ஒரு தடம். அங்கே முடி ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் ஒடிந்து குத்திட்டு நிற்கிறது. நடுவில் தோல் மினுங்குகிறது. கொழுந்துக் கூடையின் கயிறு உட்காரும் இடம் அது. தலையில் போர்த்தும் கொங்காணியை மடித்து அடியில் கொடுத்தாலும் கயிறு தன் வேலையைச் செய்யும். நாளைக்கு 18 கிலோ என்று பல தோட்டங்களில் கேட்கிறார்கள். இரண்டு மூன்று நிறுவையாகப் பிரித்தாலும் மொத்தமும் அந்த விரலகலத்தில்தான் தொங்குகிறது, அதுவும் நனைந்த கொழுந்தாக. தடத்துக்குப் பின்னால் பிடரிப் பக்கம் அவருடைய முடி நல்ல சுருட்டை, பென்சிலைத் தேடும் வளையம். வாக்கர் வந்தால் மூன்று என்று எழுதிவிட்டுப் போவார். தடத்துக்கு அவரிடம் எழுத்தில்லை. லோரியாலின் எட்டிலும் அதற்கு இடமில்லை.

வகை

எழுத்து நம்மிடம் இருக்கிறது. சுருளையும் முறுக்கையும் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதில் கைதேர்ந்த நிறுவனம் இம்மலைநாட்டுத் தோட்டங்களில் உண்டு. அதன் பெயர் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. வாட்டி, உருட்டி, காயவைத்து, சல்லடையில் விட்ட தூளுக்கு அது இட்ட பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நீளமாய், கம்பியாய், முறுகி நிற்பது ஓ.பி. கோரை முடியும் நெடிய அலைமுடியும் இதில் அடங்கும். சுருண்டு உருண்டது பீக்கோ, அதாவது சுருட்டை. வேலையில் உடைந்தது பி.ஓ.பி. கயிற்றுத் தடமும், கொங்காணி உரசிய பொட்டோர முடியும், ஈரத்தோடு வாரியதில் அறுந்த பிசிறும் இதன்பால் படும். சல்லடை கடந்து தோளில் உதிர்வது டஸ்ட். அதைத் தலைக்குப் பார்க்கும் டாக்டர்கள் பொடுகு என்பர்.

இவ்வகைப்பாட்டின் சிறப்பு, அது நிலவழக்கோடு ஒத்துப்போவது. மேல்நாட்டுத் தோட்டங்கள் பெரும்பாலும் பி.ஓ.பி.யும் அதனிலும் சிறிய பி.ஓ.பி.எப்.புமே செய்கின்றன. நீண்ட இலையான ஓ.பி. தாழ்நாட்டுச் சரக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் வரும் இரத்தினபுரிப் பக்கத்தது. தலைகளிலும் அப்படியே. ஓ.பி.யாகவோ பீக்கோவாகவோ பிறந்த முடி, மலைக்குப் பேர் பதிந்த சில வருடத்தில் உச்சியில் பி.ஓ.பி. ஆகிவிடும். பேர் பதியாத தலைக்கு அந்த வகை வருவதில்லை. பேத்திக்குத் தடம் கிடையாது. அவள் படிக்கப் போகிறாள்.

புறனடை

சுழி எவ்வகையிலும் படாது. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்பது வழக்கு. வாக்கரும் லோரியாலும் சுழியை எண்ணவில்லை. பெண் கொடுப்பவர்கள் எண்ணுகிறார்கள்.

கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு வரும் பெண்களின் முடி இரு வகையாகும். சலூன் மருந்து கந்தகப் பிணைப்பையே உடைத்து நேராக்கிவிடுவதால் கீழ்ப்பகுதி ஓ.பி.; புதிதாக முளைப்பதை மருந்து எட்டாததால் மேற்பகுதி பீக்கோ. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே சுருண்ட பகுதியை அளந்தால் கடைசியாகச் சம்பளம் கைக்கு முழுதாக வந்தது எப்போது என்று கணக்கிடலாம். அம்மா அளக்கிறாள். மகள் உடனே கொண்டை போட்டுக்கொள்கிறாள்.

மொட்டை வகையன்று; இடைவேளை. பிக்குகளுக்கு நீண்ட இடைவேளை.

ஆண்களைப் பற்றி நூல் எங்கும் பேசாதது ஏன் எனின், அவர்கள் முடி வளைவைக் காட்டும் நீளத்துக்கு வர விடப்படுவதில்லை. கடைத்தெரு சலூன்காரரிடம் கேட்டேன். அவரும் நம்பர்தான் வைத்திருக்கிறார்: பக்கத்துக்கு ஒன்று, மேலுக்கு மூன்று. மெஷினில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பின் நம்பர் அது. எந்த முடிக்கு எந்த நம்பர் என்றேன். “யாரு காசு குடுக்குறாங்களோ அவங்க சொல்ற நம்பர்” என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்த பையனுக்குக் காசு கொடுக்க வந்திருந்தவர் அவன் அப்பா. நம்பர் ஒன்று.